முதலில் காலணியைக் கவிழ்த்துப் பாருங்கள்

மூன்று ஆண்டுகளாக என் சைக்கிளில் ஷிமானோ எம்520 பெடலில்தான் மிதிக்கிறேன்; காலணியை மாட்டிப் பூட்டிக்கொள்ளும் வகைப் பெடல் அது. அதற்கு முன் வாங்கிய காலணியும் பெடலும் ஒரு மாதம் பெட்டியிலேயே கிடந்தன. இரண்டுமே நல்ல பொருள்கள்தான், ஒன்றோடொன்று சேரவில்லை. காலணியின் அடியில் முக்கோணமாக மூன்று துளைகள். பெடலில் மாட்டிக்கொள்ளக் காலணியடியில் திருகும் துண்டான கிளீட்டுக்கோ இரண்டே திருகாணிகள். விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

மூன்று துளை என்றால் பந்தய வகை. லுக் நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது; மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். கிளீட் அகலமான பிளாஸ்டிக், அடியில் துருத்திக்கொண்டு நிற்கும், நடந்தால் தேயும். இதிலும் ஒரு சிக்கல்: லுக்கின் கியோ, ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் இரண்டு கிளீட்டுகளும் அதே மூன்று துளைகளில் பொருந்தும், ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் மாட்டாது.

இறங்கி நடப்பதும் படியேறுவதும் எனக்கு அன்றாடம். அதனால் இரண்டு துளைக் காலணிக்கு மாறினேன். ஷிமானோவின் இரண்டு துளை வகையான எஸ்பிடியின் சிறிய எஃகுக் கிளீட் அடிப்பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. எம்520இல் இரு பக்கமும் மாட்டலாம், குனிந்து பார்க்க வேண்டியதில்லை. முன்பாதத்தை வைத்து அழுத்தினால் 'டக்'கென்று ஒரு சத்தம். குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் விடுபடும். ஜோடி சுமார் 380 கிராம், எடை பார்ப்பவர்களுக்கு இது ஏற்காது. சாதாரணச் செருப்போடு மிதிக்கவும் வசதிப்படாது.

புதிதாகப் பழகுபவர்கள் பெடலின் ஸ்பிரிங்கை நன்றாகத் தளர்த்திவிட்டு, எஸ்எச்56 கிளீட்டைத் தனியாக வாங்கிப் போடுங்கள். அது பல திசைகளில் கழலும். பழகிய பிறகு நான், குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழலும் எஸ்எச்51க்கு வந்துவிட்டேன். எழுந்து நின்று மிதிக்கும்போது கால் எதிர்பாராமல் கழன்றுவிடக் கூடாது.

மாட்டிய முதல் வாரம் வலது கால் மட்டும் விடுபட முரண்டு பிடித்தது. காலணியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கிளீட்டை ஒட்டிய ரப்பர் மேட்டில் பெடல் உரசிப் பளபளப்பான ஒரு தடம். கத்தியால் அந்த ஓரத்தை நகக்கண் அளவு சீவினேன், சரியாகிவிட்டது. முழங்காலும் வலித்தது; அதற்குக் காரணம் வேறு. மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டபோது என் வலது பாதம் இயல்பாகவே சற்று வெளிப்புறம் பார்த்தது. கிளீட்டை நான் நேராக முறுக்கி வைத்திருந்தேன். பாதத்தின் போக்குக்கு ஏற்பத் திருப்பி வைத்ததும் பத்து நாளில் வலி நின்றது.

பூட்டும்போது ஒன்று: இடப்பக்கப் பெடலின் மரை இடம்புரி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏறினால், பெடலைத் தாங்கும் கரமான கிராங்கின் மரை போய்விடும்.