அண்ணாவியாரோடு போய்ப் பார்த்த கலாசார மையம்

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, ஐயாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையத்துக்குப் போய்வந்தேன். அன்று மாலை அங்கே ஒரு நடன நிகழ்ச்சி. என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவரின் மகள் ஆடினாள். அதோடு எனக்கு இன்னொரு காரியமும் இருந்தது. கிளிநொச்சியில் நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். ஐயா, என் தகப்பனார், முல்லைத்தீவுப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். எங்கள் பிள்ளைகளின் கூத்தை அங்கே கொண்டுபோய்ப் போடலாமா, போட்டால் எந்த இடத்தில் போடலாம் என்று அவருடைய கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். வன்னியில் கூத்துக் குழுவோ நடனப் பள்ளியோ வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் இந்தக் கேள்வி இருக்கும்.

மையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்திய அரசு ஒரு கோடி டொலருக்கு மேல் நன்கொடையாகக் கொடுத்துக் கட்டியது. 2015 மார்ச்சில் மோடி யாழ்ப்பாணம் வந்தபோது அடிக்கல் நாட்டினார். 2022 மார்ச்சில் இணையவழியாகத் திறந்தார்கள். மக்களிடம் கையளித்தது 2023 பெப்ரவரியில். 2025 தையில் திருவள்ளுவர் பெயரை வைத்தார்கள். யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டது ஏன் என்று பலர் கேட்க, அந்தச் சொல்லும் சேர்ந்துகொண்டது. வடிவமைத்தவர் மதுர பிரேமதிலக்க. உள்ளே 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு, இரண்டு தளத்தில் அருங்காட்சியகம், வகுப்புகளுக்கென்று 11 மாடிக் கோபுரம், வெளியே பொதுமுற்றம். அந்த முற்றமே திறந்தவெளி அரங்காகவும் பயன்படும்படி அமைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டிய சங்கதி அதுதான், பிறகு வருகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து பஸ் எடுத்தால் ஆனையிறவு தாண்டி இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணம். பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். வெயில் என்றால் ஓட்டோ. பொது நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தை ஒட்டி நிற்கிறது மையம். வீரசிங்கம் மண்டபமும் அதே சுற்றாடலில்தான். ஐயா இளமையில் கூத்துப் பார்க்கவும் ஆடவும் அந்த மண்டபத்துக்கு வந்தவர். குளத்தடியில் நின்று புதிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணத் தொடங்கினார். ஏழில் பிசகி, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினார்.

எனக்கு அந்தக் கோபுரத்தில் முதலில் ஒரு பயம் இருந்தது. 1981இல் எரிந்து, பிறகு மீட்டுக் கட்டிய அந்த வெள்ளை நூலகம் எங்கள் எல்லாருக்கும் வெறும் கட்டடம் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு உயரமான கட்டடம் வந்தால் நூலகம் சிறுத்துப்போய்விடுமே என்று படங்களைப் பார்த்தபோது நினைத்தேன். நேரில் நின்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உயரத்தை எல்லாம் ஒரு கோபுரத்துக்குள் அடக்கிவிட்டதால், நிலத்தில் இடம் மிஞ்சியிருக்கிறது. அந்த மிஞ்சிய இடம்தான் முற்றம். டிக்கெட் வாங்காத ஆளும் அதில் வந்து நிற்கலாம், குளத்துக் காற்றை வாங்கலாம். கட்டடத்துக்குள்ளே என்ன இருந்தாலும், இந்த ஒன்றுக்காகவே வடிவமைத்தவரை நான் மெச்சுவேன்.

அரங்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நல்ல அரங்கு. நாங்கள் கடைசி வரிசைகளுக்குக் கிட்ட இருந்தோம். மிருதங்கம் ஓய்ந்த ஒரு இடத்தில் அந்தப் பிள்ளையின் சலங்கை மட்டும் தனியே கேட்டது. ஒற்றைச் சலங்கை மணி உருளுகிற சத்தம் என்று சொல்லலாம், அவ்வளவு துல்லியம். பரதத்துக்கும் வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கும் மேடை நாடகத்துக்கும் இதைவிட நல்ல இடம் வடக்கில் எனக்குத் தெரிந்து இல்லை. அரங்கேற்றத்துக்கு மண்டபம் தேடுகிற பெற்றோர் துணிந்து கேட்டுப் பார்க்கலாம்.

கூத்துக்கு அந்த மேடை ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. மேடைக்கு ஒரு முகம்தான், பார்க்கிறவர்கள் எல்லாரும் முன்னால் இருக்கிறார்கள். கூத்தாடுகிற எங்கள் களரி வட்டம். நாலு பக்கமும் பாய் விரித்துச் சனம் இருக்கும், ஆடுகிறவன் ஒவ்வொரு திசைக்கும் முகம் காட்டி ஆடியாக வேண்டும். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சில மணித்தியாலத்துக்குச் சுருக்கி, ஒரு முகம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் ஏற்றினார். அதனால் கூத்துக்குப் புதுச் சபை கிடைத்தது, என்னைப் போன்றவர்கள் அதைப் பாடமாகப் படித்தோம். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் மேடைக்கென்று பழக்கிய பிள்ளை வட்டத்துக்குள் வந்து ஆடும்போது முதுகை மறந்துவிடுகிறது. இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

நிகழ்ச்சி தொடங்க ஒரு மணித்தியாலம் முன்பே நாங்கள் போய்விட்டதால் முற்றத்தைப் பார்க்க நேரம் இருந்தது. ஐந்து மணி இருக்கும். ஐயா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு குந்தியிருந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். "சூடு இறங்கேல்லை பிள்ளை. ஏழு மணிக்குப் பிறகுதான் வெறுங்காலோடை ஆடலாம்" என்றார். எழும்பிப் பெருவிரலால் தரையைத் தடவித் தடவி நடந்தார். கல்லும் கல்லும் சேருகிற இடத்தில் விரல் இடறுகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் பின்னால் எத்தனை கோயில் வெளியில் இப்படி நடந்திருக்கிறேன். அப்புறம் வலது காலால் ஒரு தாளக்கட்டை மெல்ல மிதித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"தரை திருப்பி அடிக்குது. ஒரு மணித்தியாலம் சரி. விடிய விடிய ஆடினால் பிள்ளையளின்ரை முழங்கால் போயிடும்."

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. களரிக்கு மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, அடித்து இறுக்குவோம். அந்த மண் பாதத்தை வாங்கும். கல் வாங்காது. எங்கள் குழுவோ வேறு யாருமோ அங்கே ஆடுவதென்றால் பலகைத் தளம் ஒன்றைக் கொண்டுபோய் விரிக்க வேண்டும், இல்லையென்றால் நேரத்தைச் சுருக்க வேண்டும்.

அடுத்தது குரல். ஐயா முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு என்னைத் தள்ளிப் போகச் சொன்னார். நான் போய் நின்றேன். அவர் காத்தவராயன் கூத்தில் வருகிற பாட்டொன்றின் முதல் இரண்டு அடியைப் பாடினார். உரத்துப் பாடவில்லை, அடுப்படியில் நிற்கிற அம்மாவைக் கூப்பிடுகிற அளவுதான். முதல் அடி தெளிவாக வந்தது. இரண்டாவது அடியில் தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று வீசியது, பாதிச் சொல் குளத்துப் பக்கம் போய்விட்டது. அங்கே நின்ற இரண்டு பெடியள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். ஒருவன் கிட்ட வந்து, "ஐயா, இன்னொருக்கால் பாடுங்கோ" என்றான். ஐயா பாடினார். இந்த முறை காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பாடினார். முழுவதும் கேட்டது.

இதில் எனக்கு இரண்டு விடயம் பிடிபட்டது. சோளகம் வீசுகிற வைகாசி முதல் புரட்டாதி வரை அந்த முற்றத்தில் ஒலிவாங்கி இல்லாமல் கூத்துப் போட முடியாது. மாசி, பங்குனியில் போடலாம். வன்னியில் காலபோக நெல் அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கிற காலமும் அதுதான். மற்றது, அந்தப் பெடியன் கிட்ட வந்தது. அரங்குக்குள் பாடியிருந்தால் அவன் வந்திருக்க மாட்டான்.

இங்கே எங்கள் பக்கத்து நிலைமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் பிள்ளைகளின் கூத்தை இந்தப் பக்கத்து மண்டபம் ஒன்றில் போட்டோம். பெயர் வேண்டாம். மேடைக்குப் பளபளக்கும் தரை ஓடு (டைல்ஸ்) பதித்திருந்தார்கள். வேர்வை விழுந்த இடத்தில் பதினைந்து வயதுப் பையன் சறுக்கி, கணுக்கால் பிசகி, மீதிக் கூத்தை ஓரத்தில் இருந்துகொண்டே பாடி முடித்தான். தகரக் கூரை வேறு. நடுவில் மழை வந்ததும் மத்தளமும் கேட்கவில்லை, மத்தளக்காரர் போட்ட சத்தமும் கேட்கவில்லை. அதைக் கட்டியவர்கள் கல்யாண வீட்டை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். பந்தி வைக்கவும் மணவறை போடவும் நல்ல மண்டபம். ஆடுகிறவனின் காலை யாரும் நினைக்கவில்லை.

போர் முடிந்தபின் கிளிநொச்சி எப்படி எழும்பியது என்று நாங்கள் கண்ணாலே பார்த்தவர்கள். ஏ9 வீதியை அகலமாக்கினார்கள். விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் தெற்கிலிருந்து வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். 2013 செப்டம்பரில் யாழ்தேவி ரயில் வந்தபோது ஸ்டேஷனில் சனம் நிரம்பி வழிந்தது. வங்கிகள் வந்தன, அறிவியல்நகரில் பொறியியல் பீடம் வந்தது. அத்தனையும் வேண்டியவை. ஆனால் மாலையில் ஒரு பாட்டைக் கேட்க நின்றுவிட்டுப் போக இந்தப் பட்டினத்தில் ஒரு இடம் இல்லை. 1984இல்தான் கிளிநொச்சி தனி மாவட்டமானது, அதற்கு முன் யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. கலைக்கு மட்டும் நாங்கள் இன்னும் அதே மாவட்டம் போல பஸ் ஏறிப் போகிறோம்.

இங்கே 11 மாடி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரணைமடு வாய்க்கால் ஓரமாக, மருத மரத்து நிழல் விழுகிற ஒரு துண்டு நிலம், நடுவில் வட்டமாக இறுக்கிய மண், அதற்கு மேல் உயர்த்திப் போட்ட ஓட்டுக் கூரை, சுற்றிவர நாலு வரிசைப் படி. சுவர் வேண்டாம், மழைத் தூவானம் வராமல் தாழ்வாரத்தை நீட்டினால் போதும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் காலத்தில் கோவலன் கூத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு கட்டடக்கலை மாணவர் எங்காவது இருந்தால், இதை ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து முற்றத்தில் இருந்து எடுத்துக்கொள்ளவும் அதில் விடுபட்டதைச் சேர்க்கவும் அவருக்கு நிறைய இருக்கும்.

அதுவரைக்கும் இந்த மையம்தான். நடனம், கச்சேரி, பட்டிமன்றம் என்றால் யோசிக்க வேண்டாம், அரங்கைக் கேளுங்கள். கூத்துக்காரர் அரங்கைக் கேட்காமல் முற்றத்தைக் கேளுங்கள், அதுவும் மாசி பங்குனியில், இரவு ஏழு மணிக்குப் பிறகு, பலகையோடு. பார்வையாளராகப் போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள். குளக்கரையில் நின்று நூலகத்தையும் கோபுரத்தையும் ஒன்றாகப் பார்க்க அந்த நேரத்து வெளிச்சம் அருமை. திரும்பி வர பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஆனையிறவு வரைக்கும் ஐயா ஒன்றும் பேசவில்லை. நித்திரை என்று நினைத்தேன். பிறகு தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, "வடக்குப் பக்கம் மத்தளக்காரரை வைச்சால் காத்து மறைக்கும், என்ன?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து, பழைய கொப்பியில் முற்றத்தைக் கீறி, யார் எங்கே நிற்பது என்று புள்ளி வைத்துத் தந்தார். அதையும் வைத்துத்தான் பங்குனிக்கு இடம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். பலகைக்கு முறிகண்டியில் ஒரு தச்சரிடம் விலை கேட்டாயிற்று.