டேவிட் டேவிஸ்: எந்த நாற்காலி கனமானது?

1877இல் இந்த இல்லினாய் மனிதர் முன் இரண்டு நாற்காலிகள். ஒன்று, 1862இல் லிங்கன் தந்த அமெரிக்க உச்ச நீதிமன்றப் பதவி. ஆயுள் முழுக்க அமரலாம். அங்கிருந்துதான் 1866இல் மில்லிகன் வழக்கின் தீர்ப்பை எழுதினார்: சாதாரண நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமகனை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது. பதவி கொடுத்த நண்பரின் அரசு செய்ததையே செல்லாது என்றார்! மற்றது ஆறாண்டு செனட் பதவி. அதற்கே தாவினார். அதிபர் தேர்தல் தகராறைத் தீர்க்கும் 15 பேர் குழுவில் நடுநிலையாளராக அவரைத்தான் எதிர்பார்த்தார்கள். செனட்டுக்குப் போவதால் அவர் ஒதுங்க, சக நீதிபதி பிராட்லி வந்தார், 8க்கு 7 என முடிவு குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹேஸ் பக்கம் சாய்ந்தது. செனட்டில் கிடைத்தது? அதிபர் கார்ஃபீல்டு இறந்தபின் 1881 முதல் 1883 வரை தற்காலிகத் தலைவர் இருக்கை. 130 கிலோவைத் தாண்டிய அந்த உடம்புக்கும் எனக்கும், முதல் நாற்காலியே பொருத்தமாகத் தோன்றுகிறது.