பயோடீசல் போட ஓட்டல் எண்ணெயா, புங்க எண்ணெயா?

எண்ணெயோடு மெத்தனாலும் (ஒருவகை ஆல்கஹால்) காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்துச் செய்யும் டீசல் மாற்று எரிபொருள்தான் பயோடீசல். சின்ன அளவில் இந்தத் தொழிலில் இறங்குபவர்கள் இயந்திரத்துக்கு முன்னால் எண்ணெயை முடிவு பண்ணுங்கள்.

நகரத்தை ஒட்டி இருந்தால் ஓட்டல்களில் பொரித்து மிஞ்சும் எண்ணெய்தான் என் முதல் தேர்வு. துருவக் கூறுகள் (திரும்பத் திரும்பப் பொரிப்பதால் எண்ணெய் கெட்டு உருவாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 முதல் விதி இருப்பதால், பெரிய கடைகள் அதை எப்படியும் கைமாற்றியே ஆக வேண்டும். ஆனால் டின்னில் பஜ்ஜித் தூளும் தண்ணீரும் சேர்ந்தே வரும். வடிகட்டி, 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஈரத்தை ஓட்டாவிட்டால் கடைசியில் சோப்புதான் மிஞ்சும். அப்புறம் எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்த டின்னையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) இரண்டு சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் வரை காரம் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கூடுதலாக எவ்வளவு காரம் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

புங்கம் கிராமத்துக்கு ஏற்றது. வறட்சி தாங்கும், விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், பிண்ணாக்கு உரமாக விலை போகும். சரி, ஆனால் மரம் காய்க்கச் சில வருடம் ஆகும், விதை பொறுக்க ஆள் வேண்டும், விதை பழசானால் அமிலம் ஏகத்துக்கு ஏறி, அதைக் குறைக்கக் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து ஒரு சுற்று முன்கூட்டியே ஓட்ட வேண்டியிருக்கும். புதிதாக நட்டுத் தொடங்காதீர்கள், இருக்கிற மரங்களை நம்பி மட்டும் இறங்குங்கள்.

எதை எடுத்தாலும் 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனால் வேண்டும்; அது விஷம், பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது, உரிமம் கைக்கு வராமல் ஒரு லிட்டர்கூட வாங்கி வைக்காதீர்கள்.