பழைய ஜனதா கைக்கு வந்தால்: சர்வீஸா, புதுசாக்குவதா, பெட்டியில் வைப்பதா?

பெரியப்பா கொடுத்த பழைய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உள்ளே மட்டும் சர்வீஸ் செய், வெளியே தொடாதே என்பது ஒன்று. டயல், கேஸ், கண்ணாடி எல்லாவற்றையும் புதுசாக்கிவிடு என்பது இன்னொன்று. ஓடுவதும் ஓடாததும் முக்கியமில்லை, பத்திரமாகப் பெட்டியில் வை என்பது மூன்றாவது. மூன்றையும் அலசிப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு முதல் வழிக்கே.

சேலம் ஸ்டீல் பிளான்டில் ஷிப்ட் பார்த்த காலம் முழுக்க அவர் கையில் இருந்த வாட்ச் இது. 17 கல் (உள்ளே சக்கரங்களின் முனை தேயாமலிருக்க வைக்கும் சின்னக் கற்கள்), தினமும் சாவி கொடுக்க வேண்டும். இடது ஓரத்தில் குரோம் தேய்ந்து பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கிறது. டயலில் 4-க்கும் 5-க்கும் நடுவே டீக்கறை நிறத்தில் ஒரு திட்டு. பின்மூடியில் அவருடைய இனிஷியல். பாத்திரக்கடையில் குடத்துக்குப் பேர் வெட்டுபவரிடமே கொடுத்து வெட்டி வாங்கியது.

புதுசாக்கும் வழியை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த ஊர் நம்முடையது. பாலீஷ் போட ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் ஜனதாவின் கேஸ் வெள்ளியும் இல்லை, முழு ஸ்டீலும் இல்லை. பித்தளை மேல் குரோம் முலாம், பின்மூடி மட்டும் ஸ்டீல். பஃப் சக்கரத்தில் பிடித்தால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் கூர்மை மழுங்கும். பின்மூடியையும் சேர்த்துப் பிடித்தால் அந்த இனிஷியல் இருந்த இடம் தெரியாது. மறுபடி முலாம் பூசலாம். தேய்ந்த உலோகம் திரும்பாது.

ரீடயல், அதாவது டயலைப் புதுசாக்குவது, இன்னும் மோசம். பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு எழுத்தையும் கோடுகளையும் புதிதாக அச்சடிப்பார்கள். எழுத்து தடிக்கும், நிமிஷக் கோடு நகரும். ஆன்லைனில் ஆரஞ்சும் நீலமுமாக விற்கிற ‘பழைய’ எச்.எம்.டி.க்களில் பல இப்படி வந்தவைதான். இருளில் ஒளிரும் எண்களோடு 1960-களுக்கு முந்தைய சுவிஸ் வாட்ச் உங்களுக்கு வந்திருந்தால் சுரண்டும் பேச்சே வேண்டாம். அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம், தூள் மூச்சில் போகக்கூடாது.

சர்வீஸ் வழியில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் குறைவு, உள்ளே நடப்பது அதிகம். மிஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி, காய்ந்து பிசினாகிப்போன பழைய எண்ணெயை எடுத்து, புது எண்ணெய் துளித்துளியாக வைக்கிறார்கள். இந்த மிஷின் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் ஓடினால் சக்கரங்களின் ஊசிமுனைகள் தேயும். சாவி கொடுக்கும்போது இறுகும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றலாம். பிளாஸ்டிக் கண்ணாடியின் கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம். வாட்ச் திடீரென்று பல நிமிஷம் முந்தி ஓடினால் பதறாதீர்கள். செல்போன், ஸ்பீக்கர் காந்தம் ஏறி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காந்தம் இறக்குவது சில நொடி வேலை.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் பின்மூடியைத் திறந்ததும் சொன்னது: “மிஷின் நல்லா இருக்கு தம்பி. சாவித்தண்டுதான் துருப்பிடிச்சிருக்கு. டயலை மட்டும் யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க.” துரு வந்த வழி எனக்குத் தெரியும். பெரியப்பா ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் இருந்தார். சேலத்து வெயிலில் சூடான வாட்ச் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பனிமூட்டத்துக்குள் போனால், உள்ளே இருக்கும் ஈரக்காற்று கண்ணாடியின் அடியில் ஆவியாகப் படியும். ஜனதா தண்ணீர் புகாத வாட்ச் இல்லை. மலையில் இருப்பவர்கள் சர்வீஸைத் தள்ளிப்போடவே கூடாது.

பெட்டியில் வைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் காய்ந்த வாட்ச்சை ஓட்டுவதைவிட ஓட்டாமல் வைப்பது நல்லது. ஆனால் கட்டிக்கொள்ளத்தானே கொடுத்தார்? பழைய மிஷினை எடுத்துவிட்டு பேட்டரி மிஷின் போடும் யோசனையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

செலவிலும் சர்வீஸ்தான் முந்துகிறது: உள்ளூரில் நூறுகளில் முடியும், ரீடயலும் முலாமும் சேர்ந்தால் ஆயிரங்களைத் தொடும். உதிரி பாகம் மட்டும் யோசிக்க வேண்டியது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு எச்.எம்.டி. பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தயாரிப்பை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. கம்பெனியிலிருந்து புதுப் பாகம் வரும் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் ஜனதா லட்சக்கணக்கில் விற்ற வாட்ச், பழைய மிஷின்கள் ரிப்பேர்க்காரர்களின் டப்பாக்களில் இன்னும் கிடக்கின்றன.

கொடுக்கும்முன் டயல், மிஷின், பின்மூடி மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். “பாலீஷ் வேண்டாம், டயலைக் கழுவ வேண்டாம்” என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.