ஜே.சி. ரோட்டுப் பட்டறையும் என் காரின் நள்ளிரவுச் சைரனும்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில், டவுன்ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் போகும்போது, சீட் கவர் கடைகளுக்கும் ஸ்பீக்கர் கடைகளுக்கும் நடுவே பிரியும் சந்து ஒன்றில், இரண்டு கார்கள் நிற்கும் அளவுக்கே இடமுள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய்விட்டதால், வாசலில் அடுக்கியிருக்கும் பழைய பேட்டரிகளைத்தான் அடையாளமாகச் சொல்ல வேண்டும். அல்சூரில் எங்கள் அடுக்ககத்தையே ஆறு மாதமாகத் தூங்கவிடாமல் செய்த என் காரின் திருட்டுத் தடுப்பு அமைப்பை இவர்கள் சரிசெய்து கொடுத்து, அதன் பிறகு ஒரு மழைக்காலமும் முழுதாகக் கடந்துவிட்டது. ஆகவே இப்போது நம்பிக்கையோடு எழுதலாம்.

கார் 2014ஆம் ஆண்டின் பெட்ரோல் ஹேட்ச்பேக். அதோடு வந்த சாவியிலேயே சிப் வைத்த இம்மொபிலைசர் உண்டு, அதாவது சரியான சாவி இல்லாமல் இஞ்சினை ஓடவிடாத தடை. அது போதாதென்று 2019இல் ஓர் அக்சசரீஸ் கடையில் சைரன், ரிமோட், சென்ட்ரல் லாக் எல்லாம் சேர்ந்த அலாரம் ஒன்றையும் பொருத்திக்கொண்டேன். பின்னாளில் வந்த குறைகள் இரண்டு. மழை பெய்த இரவுகளில் யாரும் தொடாமலேயே சைரன் அலறும். சில காலைகளில் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் இஞ்சின் பிடிக்காது. பத்து நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஓர் இரவு இரண்டேகால் மணிக்கு, லுங்கியோடு கீழே இறங்கி, ஸ்பேனரை வைத்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். சைரன் நிற்கவில்லை. அதற்குள்ளேயே தனியாக ஒரு சிறு பேட்டரி இருக்கிறதென்றும், திருடன் ஒயரை வெட்டினாலும் கத்த வேண்டும் என்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறதென்றும், அதை அணைக்கச் சைரனின் உடம்பிலேயே ஒரு சின்னச் சாவித்துளை உண்டென்றும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தச் சாவியை அக்சசரீஸ் கடைக்காரர் என்னிடம் கொடுத்ததே இல்லை.

இந்தப் பட்டறைக்கு வருமுன் இரண்டு இடங்களில் காட்டினேன். அலாரம் பொருத்திய கடையில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றி, அதிர்வு சென்சாரின் உணர்திறனைக் குறைத்து, 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மழைக்கே சைரன் மறுபடியும் கத்தியது. சர்வீஸ் சென்டரிலோ ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று சொன்ன அதே வாயால், இம்மொபிலைசரையும் இஞ்சினை இயக்கும் கணினியான இசியூவையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று 41,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். பழுதே பதிவாகாத பொருளை எதற்காக மாற்ற வேண்டும் என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை.

ஜே.சி. ரோட்டுப் பெரியவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. தர்மபுரிப் பக்கத்திலிருந்து இளவயதில் இங்கே வந்தவர். என்னிடம் தமிழிலும் உதவிக்கு நின்ற பையனிடம் கன்னடத்திலும் பேசினார். முதலில் அவர் கேட்டது இரண்டே கேள்விகள். “வண்டி பிடிக்காத நேரத்துல மீட்டர்ல சாவி லைட்டு மின்னுதா, இல்ல எரிஞ்சு அணைஞ்சிடுதா? சாவியத் திருப்பினதும் பின் சீட்டுக்கு அடியில பம்ப் சத்தம் கேக்குதா?” எனக்கு இரண்டுமே தெரியவில்லை. பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒரு பைசா வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலை கார் மறுபடியும் மக்கர் செய்தது. சாவி விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. வழக்கமாக இரண்டு மூன்று வினாடிகள் முனகும் பெட்ரோல் பம்ப் மட்டும் மௌனமாக இருந்தது. அதைப் போய்ச் சொன்னதுமே, கம்பெனி இம்மொபிலைசர் குற்றமற்றது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். சாவிக்குள் இருக்கும் சிப்பில் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் காயில் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு அது தன் குறியீட்டைத் திருப்பிச் சொல்கிறது. குறியீடு பொருந்தாவிட்டால் அந்த விளக்கு மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். அது அமைதியாக அணைந்தது என்றால் சாவியை வண்டி ஏற்றுக்கொண்டது என்று பொருள். ஆகவே பம்புக்குப் போகும் மின்சாரத்தை வழியில் வேறு யாரோ நிறுத்துகிறார்கள்.

அந்த ‘வேறு யாரோ’ ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது. அலாரம் பொருத்தியவர்கள் பம்பின் ஒயரை வெட்டி, நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான தங்கள் ரிலேயைப் புகுத்தி, இணைப்பை ஈயம் வைத்துப் பற்றாமல் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். பெரியவர் டேப்பைப் பிரித்துக் காட்டினார்: பசை உருகி, உள்ளே செம்புக் கம்பிகள் கருத்து, ஒரு பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. பையனை “லைட் ஹிடி” என்று டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, விரலால் அந்த இணைப்பை மெல்ல ஆட்டினார், பம்ப் முனகியது. விட்டார், நின்றது. மூன்று முறை செய்து காட்டினார். 41,000 ரூபாயின் கதை அந்த விரல் நுனியில் இருந்தது.

மழை இரவுகளுக்கான விடை பானெட்டின் ஓரத்தில் கிடைத்தது. அங்கே அலாரத்துக்கென்று, ஊசிபோல அமுங்கும் ஒரு ‘பின்’ (pin) சுவிட்ச் உண்டு. பானெட் திறந்தால் அது எர்த்தைத் தொட்டு அலாரத்துக்குச் செய்தி சொல்லும். அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே பச்சைக் களிம்பு ஏறி, தண்ணீர் தேங்கும்போதெல்லாம் பானெட் திறந்துவிட்டதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தேநீர்க் கிண்ணத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றியதும் பட்டப்பகலில் சைரன் அலறியது. தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் அலாரம் எந்த அளவுக்குத் திருடனைத் தடுக்கும் என்பதை அப்போது கொஞ்சம் யோசித்தேன்.

இணைப்புகளை ஈயம் பற்றி, உறை போட்டு, சுவிட்சை மாற்றிய பின்பும் அவர் விடவில்லை. எல்லாக் கதவையும் பூட்டி முக்கால் மணி நேரம் கழித்து, மல்ட்டிமீட்டரை பேட்டரியோடு தொடராக இணைத்து, நிறுத்தி வைத்த காரின் மின்கசிவை அளந்தார். வண்டியின் மின்னணுப் பகுதிகள் உறங்கப்போக நேரம் எடுக்கும் என்பதால்தான் அந்தக் காத்திருப்பு. 31 மில்லியாம்பியர் காட்டியது. 50க்குள் இருந்தால் கவலை இல்லையாம். ரிலேயை முற்றிலும் எடுத்துவிடட்டுமா என்றும் அவராகவே கேட்டார். கம்பெனி இம்மொபிலைசரே இஞ்சினைத் தடுக்கும்போது இரண்டாவது தடை எதற்கு என்பது அவர் வாதம். நான் வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அது என் பிடிவாதம்.

உழைப்பு, சுவிட்ச், ஒயர் எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். கழற்றிய பழைய சுவிட்சையும் கருகிய ஒயர்த் துண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். சைரனுக்குப் புதிதாக ஒரு சாவியும் தேடித் தந்தார்.

குறைகளும் உண்டு. காரை நிறுத்த இடமே கிடையாது. காலை பத்து மணிக்குள் போகாவிட்டால் சந்துக்குள் நுழைவதே பாடு. முன்பதிவு என்ற பேச்சே இல்லை. இரண்டாம் முறை நான் மூன்றரை மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பில்லைக் கேட்டால்தான் எழுதுகிறார்கள், அதுவும் வேலையின் விவரம் இல்லாமல் மொத்தத் தொகையாக. காப்பீட்டில் சலுகை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தப் பட்டறையால் பயனில்லை: புணேயிலுள்ள வாகனச் சோதனை நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் சான்று பெற்ற கருவி இருந்தால், நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான (சொந்தச் சேத) பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை கழிப்பது வழக்கம். என் அலாரத்துக்கு அந்தச் சான்று எப்போதுமே இருந்ததில்லை. புதுச் சாவிக்குச் சிப் பதிவு செய்யும் வேலையும் இங்கே நடக்காது. அதற்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் போவதானால், வண்டி பிடிக்காத நேரத்தில் சாவி விளக்கு என்ன செய்தது என்பதை கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரு நடை மிச்சமாகும்.