கோதையாறு வண்டி

இந்த முறை மெல்போர்னிலிருந்து குளச்சலுக்குப் போனபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கோதையாறுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாள். அப்பா மின்வாரியத்தில் இருந்தபோது நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் அங்கேதான். தம்பி கார் பிடிக்கலாம் என்றான். பஸ்ஸில்தான் போவேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

குமரி மாவட்டத்தில் கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு காலைப்பொழுதுதான். தக்கலை வரை பஸ்ஸில் மீன் வாசம். குலசேகரம் தாண்டினால் ரப்பர் தோட்டங்கள், பாலில்லாத சிரட்டைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் மரங்கள். அப்புறம் 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. அதன் நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களுக்கு இன்றும் படகுதான் பஸ்.

பஸ்ஸைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்குக் காசு கிடையாது. 2021 முதல் அப்படித்தான் என்றாலும் அம்மா இன்னும் கூச்சத்தோடு பத்து ரூபாய்த் தாளை நீட்டுகிறாள். "பைய மூடுங்கம்மா" என்று சிரித்த கண்டக்டர், என்னிடம் திரும்பி, "சாயங்காலம் நாலரை வண்டிய விட்டுராதீங்க, அதுக்குப் பின்ன உங்க பாடு" என்றார்.

பணம்தான் படுத்தியது. குலசேகரத்தில் முதல் ஏடிஎம்மில் காசில்லை, இரண்டாவது என் மெல்போர்ன் கார்டைத் துப்பியது. டீக்கடையில் வாழைக்காப்பம் தின்றுவிட்டு நின்றால், "ஜிபே அடிங்கண்ணே" என்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் ஆஸ்திரேலிய எண்ணைப் பதிந்திருந்தால் அதிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023-இலிருந்து வழி இருக்கிறது. கிளம்பும் முன் அதைச் செய்யாதது என் சோம்பல். அம்மாவின் சுருக்குப் பைதான் மானத்தைக் காப்பாற்றியது.

பேச்சிப்பாறைக்கு மேலே போன் சிக்னல் போய்விட்டது. சாலை சில இடங்களில் சாலையே இல்லை. கீழ் கோதையாற்றில் இறங்கினால், மேல் கோதையாறு தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் ரோட்டில் போக வேண்டுமானால் மலையைச் சுற்றி, திருநெல்வேலி மாவட்டத்துக்குள் போய், மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக ஏற வேண்டும். கம்பிவடம் இழுக்க நேராக ஏறும் விஞ்சு வண்டி மின்வாரிய ஆட்களுக்கு மட்டும். 2023-இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைக் கொண்டுபோய் விட்டது அந்த மேல்காட்டில்தான். யானைக்கும் சுற்றுவழிதான் கிடைத்தது.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. அம்மா காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை மதியம்தான் கவனித்தேன். கேட்டதற்கு, "வழியில எங்க ஒதுங்க?" என்றாள். நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் திறந்திருந்த கழிப்பறை ஒன்றே ஒன்று, அதிலும் தண்ணீர் இல்லை. இத்தனை பேர் அருவியும் அணையும் பார்க்க வந்துபோகும் வழி இது.

கடைசியில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண்தான் அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் வந்தன. இரண்டு பேரும் அப்பா காலத்துக் கதையில் இறங்கிவிட்டார்கள். நாலரை வண்டி வந்து நின்றபோது அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார், எட்டிப் பார்த்தார், இன்ஜினை அணைத்துவிட்டார்.