லூவ்ர் வாசலில் போன 1,296 யூரோ: மாணவர்களோடு பாரிஸ் போகும் ஆசிரியர்கள் கவனத்துக்கு

24 மாணவர்கள், 3 ஆசிரியர்கள், 1,296 யூரோ. டிக்கெட் விற்பதாகச் சொன்ன ஓர் இணையத்தளத்தை நம்பி, போன புதன்கிழமை காலை லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடு வாசலில் அந்தப் பணத்தை இழந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று தோன்றிவிடும். இந்த மாதிரித் தளங்களின் பிழைப்பே அந்த 'போகட்டும்'தான்.

பெயர் சொல்லப் போவதில்லை, வகையைச் சொல்கிறோம். டிக்கெட்டை வாங்கி விற்கும் இடைத்தரகுத் தளம். பார்வைக்கு அருங்காட்சியகத்தின் சொந்தத் தளம் மாதிரியே இருக்கும். தேடினால் எல்லாவற்றுக்கும் மேலே வரும். 'விளம்பரம்' என்ற சொல் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பக்கத்தில் நிற்கும்.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், லூவ்ரில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், நுழைவு இலவசம். நேரம் குறித்த பூஜ்ய யூரோ டிக்கெட்டை அதிகாரப்பூர்வத் தளத்தில் எடுத்து, வாசலில் வயதுச் சான்றைக் காட்டினால் போதும். எங்கள் 24 பேரும் 18-க்குக் கீழ். பெரியவர்களுக்கு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும்) வெளியிலிருந்து வந்தால், 2026 ஜனவரி முதல் 32 யூரோ. மூன்று பேருக்கு 96. ஆக 96 யூரோவில் முடிந்திருக்க வேண்டிய நுழைவுக்கு 1,296 யூரோ. மீதி 1,200-க்கு அவர்கள் தருவதாகச் சொன்னவை இரண்டு: 'வரிசையில் நிற்காத நுழைவு', ஒரு வழிகாட்டி.

வரிசையில் நிற்காத நுழைவு என்பதே பாதிப் பொய். தாண்டிப் போக முடிவது டிக்கெட் வாங்கும் வரிசையைத்தான். பை சோதிக்கும் பாதுகாப்பு வரிசையில் எல்லோரும் நின்றே ஆக வேண்டும்.

நம்பிக்கை வந்த இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொக்கி அங்கேதான் இருந்தது. அவர்கள் முதலில் பணம் கேட்கவில்லை. பள்ளியின் தலைப்புத்தாளில் ஒரு கடிதம், மாணவர்களின் பிறந்த தேதிப் பட்டியல், பாஸ்போர்ட் ஸ்கேன், இவ்வளவுதான் கேட்டார்கள். 'இவ்வளவு விவரம் கேட்கிறார்களே, முறையாக நடத்துகிறவர்கள்தான்' என்று நினைக்க வைத்தது அதுதான். அடுத்த நாள் இன்வாய்ஸ் வந்தது. கார்டில் கட்டினால் தலைக்கு 52 யூரோ, வங்கிப் பரிமாற்றம் என்றால் 48. 27 பேருக்கு 108 யூரோ மிச்சம் என்று கணக்குப் போட்டு வங்கி வழியாக அனுப்பினோம். அந்த 108-தான் 1,296-ஐக் கொண்டுபோனது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப வாங்கித் தரச் சொல்லலாம். அதற்கு வழக்கமாக 120 நாள் அவகாசம் உண்டு. பரிமாற்றத்தில் அனுப்பியதைத் திருப்ப, பெற்றவரே சம்மதிக்க வேண்டும். எந்தத் திருடன் சம்மதிப்பான்?

10 மணி நுழைவுக்கு 9.40-க்கே சந்திப்பிடத்தில் நின்றோம்: பிரமிடுக்குப் பக்கத்தில் பதினான்காம் லூயியின் குதிரைச் சிலை. பல குழுக்கள் கூடும் இடம்தான், அதனால் சந்தேகம் வரவில்லை. கொடி பிடித்த வழிகாட்டிகள் வந்து தங்கள் ஆட்களை அழைத்துக்கொண்டு போனார்கள். நம் ஆள் வரவில்லை. 10.25-க்கு நேரே வாசலுக்குப் போய், அவர்கள் அனுப்பியிருந்த வவுச்சரை அலைபேசியில் நீட்டினால், ஸ்கேனர் சிவப்பு. ஊழியர் அலைபேசித் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, க்யூஆர் கோடுக்குக் கீழே இருந்த சாம்பல் நிற வரியைக் காட்டினார்: 'இது நுழைவுச்சீட்டு அல்ல. சந்திப்பிடத்தில் மாற்றிக்கொள்ளவும்.' 'எங்க டிக்கெட் எங்கே, மிஸ்?' என்று கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்லப் பதில் இல்லை.

அதன்பிறகு வந்த பதில்களை வரிசையாகப் பாருங்கள். முதல் நாள்: 'வழிகாட்டி வந்தார், நீங்கள்தான் தாமதம்.' சிலைக்கு முன் 9.41-க்கு எடுத்த குழுப் படத்தை அனுப்பினோம். இரண்டாம் நாள்: 'உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது.' மூன்றாம் நாள்: 'பணமாகத் தர இயலாது, 12 மாதத்துக்குச் செல்லும் கிரெடிட் தருகிறோம்', அதாவது அவர்களிடமே மறுபடி வாங்கக் கழித்துக்கொள்ளும் தொகை. நான்காம் நாள் வந்ததுதான் உச்சம்: 'வரும் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றித் தருகிறோம்.' லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை! லூவ்ர் டிக்கெட் விற்கிறவனுக்கு அது தெரியாதா? அதன்பிறகு பதிலே இல்லை.

'14 நாளில் ரத்து செய்யும் உரிமை இருக்கிறதே' என்று சிலர் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையக் கொள்முதலுக்கு அது உண்டுதான். ஆனால் குறிப்பிட்ட நாளில் நடக்கும் பொழுதுபோக்குச் சேவைக்கு அது பொருந்தாது. தகராறு வந்தால் புகார் செய்ய அவர்களின் விதிமுறைப் பக்கம் கைகாட்டிய ஐரோப்பிய ஒன்றிய இணையத்தளமோ 2025 ஜூலையிலேயே மூடப்பட்டுவிட்டது. அந்த ஒரு வரியை முன்பே சொடுக்கிப் பார்த்திருந்தால் 1,296 யூரோ தப்பியிருக்கும்.

விரிவாக எழுத நினைத்த ஆலோசனைகளுக்கு இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

பிள்ளைகளுக்கு இலவசமா என்று அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் முதலில் பாருங்கள். லூவ்ர் மட்டுமல்ல, ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் 18-க்குக் கீழ் இலவசம். அவை இரண்டுக்கும் திங்கள் விடுமுறை.

பிரான்சில் பயண ஏற்பாட்டாளர் என்று சொல்லிக்கொண்டால் பதிவு எண் கேளுங்கள். 'ஐஎம்' என்று தொடங்கி 9 இலக்கம் இருக்கும். அரசின் சுற்றுலா முகமையான ஆட்டூ பிரான்ஸின் பதிவேட்டில் தேடலாம். அருங்காட்சியகத்துக்குள் விளக்கும் வழிகாட்டிக்குத் தொழில் அட்டை உண்டு, அதன் நகலையும் கேளுங்கள்.

வங்கிப் பரிமாற்றத்துக்குத் தள்ளுபடி என்றாலே ஓடிவிடுங்கள்.

பாஸ்போர்ட் ஸ்கேன் அனுப்பாதீர்கள். லூவ்ர் டிக்கெட்டுக்கு அது தேவையே இல்லை. 24 பிள்ளைகளின் ஸ்கேன் இப்போது யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை, பணத்தைவிட அதுதான் உறுத்துகிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிப்படி அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம். பதில் தர அவர்களுக்கு ஒரு மாதம். தராவிட்டால் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார்; அதற்கான தாள்கள் தயாராக இருக்கின்றன.